வழிகாட்டி நூலைக் காட்டி விலை பேசுகிறார்கள்: டோக்கன் சேகரிப்பு குறித்து ஒரு வாசகருக்குப் பதில்

கடலூர் முதுநகரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நீண்ட கடிதம் ஒன்றை அனுப்பியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, சாரத்தை மட்டும் முதலில் தருகிறேன்.

அவருடைய தந்தை புதுச்சேரியில் ஒரு பஞ்சாலையில் பணியாற்றியவர். தாத்தா 1905-இல் பிறந்து, வாலிப வயதில் கொழும்புக்குச் சென்று சில ஆண்டுகள் இருந்து திரும்பியவர். தந்தை உயில் எழுதாமல் காலமான பிறகு, பரணிலிருந்த ஒரு பிஸ்கட் டப்பாவில் நாற்பதுக்கும் மேற்பட்ட உலோக வில்லைகள் கிடைத்தன. கொழும்புக் காப்பி ஆலைகளின் பெயர் பொறித்த செப்பு டோக்கன்கள், அதாவது நாணயத்துக்குப் பதிலாகத் தனியார் அடித்த வில்லைகள், சில. அவற்றில் ஒன்றில் நாலரைப் பென்னி என்றும் இன்னொன்றில் 19 சதம் என்றும் மதிப்பு எழுதியிருக்கிறது. பிரெஞ்சு மொழியில் வணிக சபையின் பெயரும் 2 பிராங்க் என்ற மதிப்பும் 1923 என்ற ஆண்டும் கொண்ட மஞ்சள் நிறக் காசுகள் மூன்று. வெறும் எண் மட்டும் குத்தி, மேலே துளையிட்ட பித்தளை வில்லைகள் இருபத்திரண்டு. அனுமார் உருவமும் 1818 என்ற ஆண்டும் உள்ள செப்புக் காசு ஒன்று. புதுச்சேரி வியாபாரி ஒருவர் கைப்பேசியில் ஒரு நாணய வழிகாட்டி நூலின் பக்கங்களைக் காட்டி, சிலவற்றை ‘நூலிலேயே இல்லாத அபூர்வம்’ என்றும் சிலவற்றை ‘ஆர் 5’ என்றும் சொல்லி, டப்பா முழுவதற்கும் ஒரே தொகை பேசியிருக்கிறார். வாசகர் இன்னும் முன்பணம் வாங்கவில்லை.

எந்த வழிகாட்டி நூலை நம்புவது, இவற்றை வைத்திருப்பது குற்றமா, வெளிநாட்டுச் சேகரிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாமா, சீர் செய்து கட்டிக்கொடுத்த தங்கைகளுக்கு இதில் பங்கு உண்டா, கடலூர்–புதுச்சேரி டோக்கன்களுக்கென்று தாமே ஒரு கையேடு அச்சிட்டால் பழைய நூல்களின் படங்களைச் சேர்த்துக்கொள்ளலாமா என்றெல்லாம் கேட்டிருக்கிறார். கடைசியில் இரண்டே வரியில், பழைய வீட்டின் அடுப்படித் தரையைத் தோண்டியபோது ஒரு மண்கலயத்தில் ஏழு செப்புக் காசுகள் கிடைத்ததாகவும், அவற்றையும் இதே டப்பாவில் போட்டு வைத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறார்.

மதிப்புக்குரிய ஐயா,

நீங்கள் கடைசியில் இரண்டு வரியில் எழுதியதற்குத்தான் சட்டப்படி அவசரம் அதிகம். அதை இந்தப் பதிலின் இறுதியில் விரிவாகச் சொல்கிறேன். படித்து முடிக்கும்வரை காத்திராமல் அந்த ஏழு காசுகளையும், உடைந்திருந்தாலும் கலயத்தையும், டப்பாவிலிருந்து பிரித்துத் தனி உறையில் வைத்துவிடுங்கள். வியாபாரி பேசும் மொத்த விலையில் அவை சேரவே கூடாது.

நான் வழக்கறிஞர், டோக்கன் சேகரிப்பிலும் எனக்கு நீண்ட நாள் ஈடுபாடு உண்டு. ஆகவே நூல்களைப் பற்றிய உங்கள் கேள்வியை நீதிமன்றப் பழக்கத்திலேயே அணுகுகிறேன். வழிகாட்டி நூல் என்பது ஒரு சாட்சி. அது எதைப் பார்த்தது, எப்போது பார்த்தது, எதைப் பார்க்க வாய்ப்பே இல்லை என்று குறுக்கு விசாரணை செய்த பிறகுதான் அதன் சொல்லை ஏற்க வேண்டும். வியாபாரி உங்களிடம் காட்டியது சாட்சியின் ஒரு வாக்கியத்தை மட்டும்.

எந்த நூல் எதற்குப் பயன்படும்

உங்கள் டப்பாவில் நான்கு வகைப் பொருள்கள் இருக்கின்றன. நான்குக்கும் ஒரே நூல் கிடையாது. இலங்கை டோக்கன்களுக்கு லோஸ்லி 1895-இல் நியூமிஸ்மாட்டிக் குரோனிக்கிள் என்ற ஆய்விதழில் எழுதிய இலங்கை நாணயங்கள், டோக்கன்கள் பற்றிய கட்டுரையிலிருந்து தொடங்குவதே முறை. அந்தக் காலத்துச் செலாவணிக் கணக்கைப் புரிந்துகொள்ள, கொழும்பு அருங்காட்சியக வெளியீடாக 1924-இல் வந்த காட்ரிங்டனின் நூல் துணைசெய்யும். பிரிட்மோர் பல பாகங்களாக எழுதிய பிரிட்டிஷ் காமன்வெல்த் நாணய நூலில், 1975-லும் 1980-லும் வந்த நான்காம் பாகத்தின் இரு தொகுதிகள் இந்தியாவுக்கானவை. ஆனால் அது முதன்மையாக நாணயங்களைப் பற்றிய நூல். தனியார் ஆலையின் வில்லையை அதில் தேடிக் காணவில்லை என்றால் அதற்கு ஒரு பொருளும் இல்லை. உங்கள் விவரிப்பிலிருந்து, வியாபாரி காட்டியது கிராஸ் பதிப்பகத்தின் உலக நாணய விலைப்பட்டியல் என்று தெரிகிறது. அதில் டோக்கன்களில் சிலவற்றுக்கு ‘டி.என்.’ என்ற முன்னொட்டோடு தனி எண் கொடுத்திருப்பார்கள். பெரும்பாலானவற்றுக்கு எண்ணே இராது.

ஆகவே ‘நூலிலேயே இல்லாத அபூர்வம்’ என்ற பேச்சை ஒதுக்கிவிடுங்கள். அரசு வெளியிட்ட நாணயம் ஒன்று நூலில் இல்லையென்றால் அது செய்தி. தனியார் ஆலையோ கடையோ உணவகமோ அடித்த வில்லை நூலில் இல்லாமலிருப்பது அன்றாடம் காண்பது. தொகுத்தவர் கண்ணில் அது பட்டிருக்காது, அவ்வளவே. பட்டியலில் ஏறாத பொருளுக்கு ஒப்பிட்டுப் பார்க்க விலையும் இல்லை என்பதால் வியாபாரி சொன்னதே விலையாகிவிடுகிறது. வாங்கும்போது ‘இதற்கு நூலில் விலையே இல்லையே’ என்பவர், விற்கும்போது ‘நூலிலேயே இல்லாதது’ என்பார். இரண்டும் ஒரே உண்மையின் மேல் நிற்கின்றன.

‘ஆர் 5’ என்பதற்கும் தனியாக ஒரு பொருள் கிடையாது. ஷெல்டன் என்பவரின் பெயரால் வழங்கும் அளவுகோலில் ஆர் 5 என்றால் 31 முதல் 75 வரை எஞ்சியிருக்கலாம் என்று கணிப்பு. ஆர் 8 என்றால் ஒன்று முதல் மூன்று மட்டுமே. வேறு தொகுப்பாளர்கள் வேறு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். எந்த அளவுகோல் என்பதை நூலின் முன்னுரைப் பக்கங்களில் எழுதியிருப்பார்கள். வியாபாரிகள் பொதுவாக அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புவதில்லை. முன்னுரையையும் நூல் அச்சான ஆண்டையும் கேட்டு வாங்குங்கள். விலைப்பட்டியல் நூலில் உள்ள தொகை டாலரில் இருக்கும். அது கடைக்காரர் விற்கும் விலை, உங்களிடமிருந்து அவர் வாங்கும் விலை அன்று. ஒவ்வொரு தரத்துக்கும் தனித் தொகை என்பதால், தேய்ந்த காசுக்கு மேல்தரத்தின் தொகையைக் காட்டி ஆசை ஊட்டுவதும், பேரம் முடியும் நேரத்தில் கீழ்த்தரத்துக்கு இறங்குவதும் எளிது. ஏலப் பட்டியல்களில் முடிந்த விலையைப் பார்ப்பது இதைவிட நம்பகமானது என்றாலும், அதில் ஏல நிறுவனத்தின் கமிஷன் சேர்ந்திருக்கிறதா என்று கவனிக்க வேண்டும்.

உங்கள் டப்பாவைப் பற்றிச் சில திருத்தங்கள்

கொழும்பு டோக்கன்கள் உங்கள் தாத்தா வாங்கிய கூலி என்று குடும்பத்தில் சொல்லிவருவதாக எழுதியிருக்கிறீர்கள். அதை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. காரணம் டோக்கனிலேயே இருக்கிறது. நாலரைப் பென்னி என்பது இன்று விசித்திரமான தொகையாகத் தோன்றும். இலங்கையில் முன்பு வழங்கிய ரிக்ஸ் டாலர் ஒன்றரை ஷில்லிங், அதாவது 18 பென்னி. ‘பணம்’ என்ற அந்தக் காலச் சில்லறை அலகில் அதற்குப் பன்னிரண்டு பணம். எனவே நாலரைப் பென்னி என்பது சரியாக மூன்று பணம், கால் ரிக்ஸ் டாலர். பழைய கணக்கில் பழகிய கைகளுக்கு அது முழுத்தொகை. பிறகு இலங்கை ரூபாய்–சதக் கணக்குக்கு மாறியது. முதல் சத நாணயங்களில் 1870 என்ற ஆண்டு இருக்கும், 1872-இல் புதிய முறை நடைமுறைக்கு வந்தது. ரூபாய்க்கு 24 பென்னி என்ற வீதத்தில் நாலரைப் பென்னி 18.75 சதம், அதை முழுமையாக்கினால் உங்கள் இன்னொரு டோக்கனில் இருக்கும் 19 சதம். ஒன்று மாற்றத்துக்கு முந்தையது, மற்றது பிந்தையது என்று எந்த நூலின் துணையுமில்லாமல் நீங்களே சொல்லிவிடலாம்.

1869-இல் இலங்கைக் காப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் கண்டது. 1880-களில் அந்தத் தொழிலே சரிந்து, தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. 1905-இல் பிறந்தவர் காப்பி ஆலையின் டோக்கனைக் கூலியாக வாங்கியிருக்க வழியில்லை. அவருடைய தந்தையோ தாத்தாவோ அங்கே இருந்திருக்கலாம், அல்லது உங்கள் தாத்தா பின்னாளில் ஆர்வத்தால் சேர்த்திருக்கலாம். டோக்கனில் ஆண்டு பொறித்திருந்தாலும் அதை வெளியீட்டு ஆண்டாக உடனே கொள்ள வேண்டாம். நிறுவனம் தொடங்கிய ஆண்டைப் பொறித்து வைப்பது வணிக டோக்கன்களில் உண்டு. இதைச் சரிபார்க்க நாணய நூலைவிட பெர்குசன் இலங்கை டைரக்டரி போன்ற ஆண்டுக் கையேடுகள் உதவும். எந்த நிறுவனம் எந்த ஆண்டில் எந்தப் பெயரில் இருந்தது, பங்குதாரர் மாறியபோது பெயர் எப்படி மாறியது என்பதெல்லாம் அவற்றில் கிடைக்கும். சென்னை மாகாண நிறுவனங்களுக்கு அசைலம் பிரஸ் ஆல்மனாக் இருக்கிறது. கன்னிமாரா நூலகத்திலும் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் இத்தகைய பழைய கையேடுகளைக் கேட்டுப் பாருங்கள்.

பிரெஞ்சுக் காசுகள் மூன்றும் புதுச்சேரி வணிக சபை வெளியிட்டவை என்று வியாபாரி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் எழுத்துக்கூட்டி அனுப்பிய வாசகத்தில் ‘பிரான்ஸின் வணிக சபைகள்’ என்று பன்மையில் இருக்கிறது; புதுச்சேரியின் பெயர் எங்கும் இல்லை. முதல் உலகப் போருக்குப் பின் பிரான்ஸில் சில்லறைத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, 1920-களில் அந்நாட்டு வணிக சபைகளின் பெயரில் அரை பிராங்க், ஒரு பிராங்க், இரண்டு பிராங்க் மதிப்பில் அலுமினிய வெண்கலத்தில் கோடிக்கணக்கில் அடித்த காசு அது. நாணய நூல்கள் எல்லாவற்றிலும் பிரான்ஸ் பகுதியிலேயே இருக்கிறது; மலிவாகவும் கிடைக்கிறது. பிரெஞ்சுப் படையில் இருந்து திரும்பிய சொல்தாக்கள் வீடுகளில் இத்தகைய சில்லறை கிடப்பது புதுச்சேரிப் பக்கம் வியப்பில்லை. பிரெஞ்சில் எழுதியிருப்பதாலேயே ஒன்றைப் புதுச்சேரிக் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது. ரீயூனியன் தீவுக்கென்று 1896-இல் வெளியான அரை பிராங்க், ஒரு பிராங்க் காசுகளையும் இங்கே சிலர் புதுச்சேரி டோக்கன் என்றே நினைத்து வைத்திருக்கிறார்கள்.

அனுமார் காசு கிழக்கிந்தியக் கம்பெனி வெளியிட்டதன்று. கம்பெனியின் பெயரும் 1818 என்ற ஆண்டும் இராமர், அனுமார் உருவங்களும் சேர்ந்த காசுகள் எல்லாம் பிற்காலத்தில் பூசைக்கும் விற்பனைக்கும் செய்தவை; வழிகாட்டி நூல்கள் அவற்றைக் கோயில் டோக்கன் அல்லது கற்பனைக் காசு என்று ஒதுக்குகின்றன. இந்தக் காசை வைத்துத்தான் ‘ரைஸ் புல்லிங்’ என்று சொல்லி இலட்சக்கணக்கில் ஏமாற்றுகிறார்கள். அரிசியை இழுக்கிறதா என்று சோதிக்க யாராவது வீட்டுக்கு வருவதாகச் சொன்னால் காவல் நிலையத்துக்குத் தெரிவியுங்கள். ‘ரிசர்வ் வங்கி அனுமதிக் கட்டணம்’ கேட்டு உங்களுக்கு வாட்ஸ்அப்பில் வந்த செய்தியும் அதே ரகம்தான். பழைய நாணயம் வாங்கவோ விற்கவோ தான் கட்டணமோ கமிஷனோ வசூலிப்பதில்லை, யாருக்கும் அப்படி அதிகாரம் தரவில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் அறிக்கை வெளியிட்டிருக்கிறது.

இனி, நீங்கள் ‘வெறும் எண் வில்லைகள், இவற்றுக்கு மதிப்பில்லை என்று வியாபாரியே சொல்லிவிட்டார்’ என்று ஒரே வரியில் கடந்துபோன அந்த இருபத்திரண்டு. மதிப்பு எழுதாததால் அவை கண்டிப்பாகப் பேசினால் வணிக டோக்கன்கள் அல்ல. ஆலை வாசலில் வருகைக்கோ, கருவி வாங்கும்போது ஈடாகவோ கொடுத்து வாங்கும் அடையாள வில்லைகள். சந்தையில் மலிவு என்பதும் உண்மைதான். ஆனால் அவற்றில் ஒன்றில் 1147 என்ற எண் இருப்பதாகவும், அப்பாவின் பழைய சம்பளச் சீட்டிலும் அதே எண் இருப்பதாகவும் வேறொரு பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஆலையின் பெயர் இல்லாத ஒரு பித்தளைத் துண்டை இன்ன ஆலை, இன்ன காலம் என்று உறுதியாகக் கட்டிப்போடும் ஆவணம் அது. அந்த ஒரு வில்லை உறுதியானால், அதே அளவும் அதே எழுத்தச்சும் அதே துளையும் கொண்ட மற்றவற்றையும் ஒப்பிட்டு அடையாளம் காணலாம். புதுச்சேரியின் பழைய பஞ்சாலைகள் ஓடாத இக்காலத்தில், எந்த அச்சு நூலிலும் கிடைக்காத செய்தி உங்கள் வீட்டுக் காகிதப் பெட்டியில் இருக்கிறது. அந்தச் சீட்டை டப்பாவோடு சேர்த்து வியாபாரியிடம் கொடுத்துவிடாதீர்கள். அவர் கேட்கவில்லை என்றாலும் அடுத்து வாங்குபவர் கேட்பார்.

மற்ற இருபத்தொன்றையும் ஆலை பழைய இரும்பு விற்றபோது காயலான் கடையில் அப்பா வாங்கியதாகச் சொல்கிறீர்கள். எப்போது, யார் மூலம் என்று உங்கள் தாயாருக்கு நினைவிருப்பதை இப்போதே எழுதி, தேதியிட்டு அவர் கையொப்பம் பெற்று வையுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவதும் வைத்திருப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவில் குற்றம். உங்கள் கதையில் அப்படி எதுவும் தெரியவில்லை. ஆயினும் மூடிய ஆலைகளிலிருந்து பொருள் காணாமற்போவது புதிதல்ல என்பதால், நாளைக்கு ஒரு கேள்வி எழுந்தால் இந்தக் குறிப்பு கைகொடுக்கும்.

வைத்திருப்பதும் விற்பதும் அனுப்புவதும்

தனியார் உலோகக் காசுகளைப் பணம்போல் புழங்கவிடுவதைத் தடுக்க 1889-இல் உலோக டோக்கன் சட்டம் வந்தது. அதை நீக்கி, அதன் சாரத்தைத் தன்னுள் எடுத்துக்கொண்டதுதான் 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டம். அரசின் அனுமதியின்றி உலோகத் துண்டைப் பணமாகப் பயன்படுத்துவதும், அந்த நோக்கத்தோடு வைத்திருப்பதும்தான் அதன் தடைக்குள் வருகின்றன. நூறாண்டுக்கு முந்தைய டோக்கனைச் சேகரிப்பாக வைத்திருப்பவருக்கு அந்த நோக்கம் கிடையாது; அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள்.

வெளிநாட்டுக்கு அனுப்புவதில்தான் உண்மையான ஆபத்து. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டப்படி நூறு ஆண்டுக்குக் குறையாத நாணயமும், பழங்காலத் தொழில், வழக்கம் போன்றவற்றைக் காட்டும் பொருளும் தொல்பொருள்தான். அவற்றைத் தனிநபர் ஏற்றுமதி செய்யத் தடை இருக்கிறது. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று ஆண்டுவரை சிறையும் அபராதமும் உண்டு. விலை சொற்பம் என்பதோ, சாதாரணத் தபாலில் போனது என்பதோ எதிர்வாதம் ஆகாது. உங்கள் கொழும்பு டோக்கன்கள் ஐயமின்றி இந்த வரம்புக்குள் வருகின்றன. 1923 என்று பொறித்த பிரெஞ்சுக் காசும், மலிவானதென்றாலும், நூறாண்டைத் தாண்டிவிட்டது. வயது குறைந்தது என்று நீங்கள் கருதும் பொருளை அனுப்ப வேண்டுமானால், தொல்பொருள் அன்று என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் முதலில் பெற வேண்டும். உள்நாட்டில் உங்கள் சொந்தப் பொருளை ஒருமுறை விற்பதற்கு உரிமம் தேவையில்லை. தொல்பொருள் விற்பதைத் தொழிலாகச் செய்பவருக்குத்தான் உரிமம் வேண்டும். உங்களிடம் பேரம் பேசுகிறவரிடம் அது இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள்.

தங்கைகள் விஷயத்தில் நீங்கள் நினைப்பது சரியல்ல. தந்தை உயில் எழுதாமல் இறந்ததால் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவுப்படி உங்கள் தாயார், நீங்கள், இரு தங்கைகள் எல்லோரும் முதல் வகுப்பு வாரிசுகள். ஆளுக்குச் சம பங்கு. திருமணத்தில் செய்த சீர் அந்தப் பங்கைக் கழித்துவிடாது. அவர்கள் ஒப்புதலின்றி முழு டப்பாவையும் விற்றால் பிறகு கணக்குக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. பொருளைப் பிரிக்க மனமில்லையென்றால், பட்டியலைக் காட்டி, எல்லோரும் கையொப்பமிட்டு உங்கள் பொறுப்பில் விடுவதாக ஒரு குடும்ப ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம்.

நீங்களே கையேடு எழுதுவதானால்

இந்த எண்ணத்தை நான் மிகவும் வரவேற்கிறேன். பழைய நூல்களின் படங்களை ஸ்கேன் செய்து சேர்ப்பதை மட்டும் கைவிடுங்கள். விற்பனைக்கு அச்சிடும் கையேட்டில் பிறர் படங்களை அப்படியே எடுத்துப் போடுவதை, சொந்த ஆராய்ச்சிக்கான நியாயமான பயன்பாடு என்று வாதிட முடியாது. இந்தியாவில் பதிப்புரிமை நூலாசிரியரின் ஆயுள்காலமும் அதற்குமேல் 60 ஆண்டுகளும் நீடிக்கிறது. 2012-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு புகைப்படங்களுக்கும் அதே கணக்குதான். காட்ரிங்டன் 1942-இல் இறந்தவர் ஆதலால் அவர் நூலின் உரிமைக்காலம் முடிந்துவிட்டது, தாராளமாக எடுத்தாளலாம். பிரிட்மோர் 1975-இல் நூல் வெளியிட்டவர் என்பதை மட்டும் வைத்துக் கணக்கிட்டாலும் 2035-க்கு முன் அவர் நூலைத் தொட முடியாது. ஆனால் ஒரு டோக்கனின் எடை, விட்டம், உலோகம், ஆண்டு ஆகியவை தகவல்கள். தகவலுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. இன்ன நூலில் இன்ன எண் என்று சுட்டுவதிலும் தடையில்லை. ஒருவர் தம் அறிவையும் தெரிவையும் கொண்டு எழுதிய விவரிப்பும், அவர் வகுத்த வரிசைமுறை முழுவதுமாகவும்தான் பாதுகாப்புக்கு உரியவை.

உங்கள் வில்லைகளை நீங்களே படம் எடுங்கள். இரு பக்கமும், பக்கத்தில் ஓர் அளவுகோலோடு, காலை வெயில் நேரடியாக விழாத சன்னலோரத்தில் வைத்து எடுத்தால் போதும். விட்டத்தை வெர்னியர் காலிப்பரிலும், எடையை நகைக்கடைத் தராசில் இரண்டு தசமத்துக்கும் குறியுங்கள். துளை அச்சடிக்கும்போதே விழுந்ததா, பின்னால் ஆணி வைத்துக் குத்தியதா என்பதையும் எழுதுங்கள். துளையின் ஓரத்தில் விரலை ஓட்டினால், பின்னால் குத்தியதில் ஒரு பக்கம் பிசிறு தட்டுப்படும். முன்பக்கத்தை நேராகப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் திருப்பினால் பின்பக்கம் நேராக நிற்கிறதா, தலைகீழாக நிற்கிறதா என்பதும் ஒரு குறிப்பு. எங்கே, யாரிடமிருந்து கிடைத்தது என்பதற்கு ஒரு பத்தி தனியாக ஒதுக்குங்கள். வெளிநாட்டு வழிகாட்டி நூல்களில் மிகவும் மெலிந்து கிடப்பது அந்தப் பத்திதான். விலையை அச்சிட வேண்டாம் என்பது என் கருத்து. ஓராண்டில் பழசாகிவிடும், அதற்குமேல், நீங்களும் விற்பவராக இருக்கும்போது விலை எழுதுவது முறையாகத் தோன்றாது.

இரண்டு டோக்கன்களை பிராஸோ போட்டுத் துலக்கியதாக எழுதியிருக்கிறீர்கள். போனது போகட்டும், மற்றவற்றைப் புளி, எலுமிச்சை, பல்பொடி எதுவும் தொட வேண்டாம். செம்பின் மேல் படிந்த பழுப்பு போனால் சேகரிப்பாளர் கண்ணில் மதிப்பும் போய்விடும். மெல்லிய பி.வி.சி. உறைகளில் வைத்தால் நாளடைவில் பச்சைப் பிசுபிசுப்பு ஏறும். உங்கள் ஊரின் உப்புக்காற்றுக்கு அமிலமில்லாத காகித உறையும், டப்பாவில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலமும் ஏற்றவை.

அடுப்படியில் கிடைத்த ஏழு காசுகள்

1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணிலோ, மண்ணோடு இணைந்த கட்டடத்திலோ மறைந்திருந்து கிடைத்த மதிப்புள்ள எப்பொருளும் அதன்படி புதையல். மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ‘எங்கள் சொந்த வீடு, எங்கள் முன்னோர் புதைத்தது’ என்று நீங்கள் சொல்வது உரிமையைப் பற்றிய வாதம். அறிவிக்கும் கடமையை அது நீக்கிவிடாது. பரணில் இருந்த டப்பாவுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்பதால்தான் இரண்டையும் கலக்க வேண்டாம் என்று தொடக்கத்திலேயே கேட்டுக்கொண்டேன்.

அறிவித்தால் எல்லாம் பறிபோய்விடும் என்ற அச்சம் மிகையானது. ஆட்சியர் அறிவிப்பு வெளியிட்டு, நான்கு மாதத்துக்குப் பின் ஆறு மாதத்துக்குள் ஒரு நாளில் விசாரணை நடத்துவார். நூறு ஆண்டுக்குள் புதைத்தவரின் வாரிசு என்று யாரும் உரிமை கோரினால், அதை உரிமையியல் நீதிமன்றத்தில் நிலைநாட்ட அவகாசம் தருவார். உரிமையாளர் இல்லை என்று முடிவானால், வேறு உடன்பாடு இல்லாத நிலையில் கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்தின் உரிமையாளருக்குக் கால் பங்கு. அரசு எடுத்துக்கொள்ள விரும்பினால் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தரும். தரையைத் தோண்டியவர் கொத்தனார் என்றால் கண்டெடுத்தவர் யார் என்ற கேள்வி எழும். அவருடைய பெயரையும் மனுவில் மறைக்காமல் எழுதுங்கள். தெரிவிக்காமல் விட்டால் கண்டெடுத்தவரின் பங்கு அரசுக்குப் போவதோடு, ஓராண்டுவரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம்.

தரை தோண்டி மூன்று வாரம் ஆகிறது என்கிறீர்கள். தாமதத்துக்குக் காரணம், சட்டம் தெரியாததும் வீட்டு வேலையும்தான் என்று ஒரு வரி சேர்த்து, கிடைத்த இடம், தேதி, எண்ணிக்கை, உத்தேச மதிப்பு, உடன் இருந்தவர்கள் ஆகியவற்றை எழுதி இந்த வாரத்திலேயே ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். நகல் ஒன்று வட்டாட்சியருக்கும் போகட்டும். காசுகளையும் கலயத்தையும் படமெடுத்து மனுவோடு இணைத்து, உங்கள் நகலில் தேதியோடு அலுவலக முத்திரை பெற்றுக்கொள்ளுங்கள். அந்த நகல் கைக்கு வந்த பிறகு வியாபாரியிடம் பேசலாம்: பரண் டப்பாவில் எதை விற்பது என்று தங்கைகளோடு முடிவு செய்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை எழுதித் தரச் சொல்லுங்கள், 1147-ஐ அந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.